குப்பை உலைக்கு மூக்கு முக்கியம்!

அடுப்பு புகைந்தால் வீட்டில் என்ன செய்வார்கள்? ஊதுகுழலை எடுத்து ஊதுவார்கள். காற்றுப் பட்டதும் தீ பற்றிக்கொள்ளும். புகை அடங்கிவிடும்.

நகரத்துக் குப்பையை எரிக்கும் பெரிய உலைக்கும் அதே கதைதான். அங்கே ஊதுகுழலுக்குப் பதிலாகச் சுவரில் துவாரங்கள் இருக்கின்றன. மின்சார விசிறி அவற்றின் வழியாகக் காற்றை உள்ளே தள்ளுகிறது.

இந்தத் துவாரங்கள்தான் உலைக்கு மூக்கு. மூக்கு கெட்டால் உலை கெட்டது. உலை கெட்டால் ஊர் கெட்டது!

ஆனால் உலை வாங்குகிறவர்கள் என்ன கேட்கிறார்கள்? விலை என்ன என்று கேட்கிறார்கள். புகைபோக்கி எத்தனை அடி உயரம் என்று கேட்கிறார்கள். மூக்கு எதனால் செய்தது என்று கேட்பவர்கள் குறைவு. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இரண்டு காற்று

குப்பை உலை புதிய சரக்கு அல்ல. இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரத்தில் 1874-லேயே ஓர் உலை கட்டினார்கள்.

உலைக்கு இரண்டு காற்று வேண்டும். முதல் காற்று, குப்பை கிடக்கும் இரும்புத் தட்டின் அடியிலிருந்து வருகிறது. அது குப்பையை எரிக்கிறது. இரண்டாம் காற்று, சுவர்த் துவாரங்களின் வழியாகப் பாய்கிறது. அது குப்பையிலிருந்து கிளம்பும் புகையை எரிக்கிறது.

புகையையும் எரிப்பதா? ஆம். அரைகுறையாக எரிந்த புகையில் நஞ்சு இருக்கும். அதனால்தான் ஐரோப்பிய நாடுகளில் ஒரு விதி இருக்கிறது. புகை குறைந்தது 850 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் 2 விநாடியாவது இருக்க வேண்டும் என்பது அந்த விதி. காற்று வேகமாகப் பாய்ந்து, புகையோடு நன்றாகக் கலந்தால்தான் அது நடக்கும்.

இரும்பைத் தின்னும் பூதம்

இங்கேதான் வில்லங்கம். குப்பையில் உப்பு இருக்கிறது. சோற்றில், ஊறுகாயில், கருவாட்டில் உள்ள அதே உப்புதான். பி.வி.சி. குழாய், ஒயரின் மேல் உறை, ரெக்சின் பை ஆகியவையும் குப்பையில் கிடக்கின்றன. உப்பிலும் குளோரின் உண்டு, பி.வி.சி.யிலும் உண்டு. பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல் குளோரின்தான்!

எல்லாப் பிளாஸ்டிக்கும் அப்படி அல்ல. கடைகளில் தரும் சாதாரணப் பையில் குளோரின் இல்லை.

உலைச் சூட்டில் குளோரின் வெளியே வருகிறது. இரும்பைக் கடிக்கிறது. கடித்த இரும்பு ஆவியாகக் கிளம்புகிறது. அந்த ஆவி காற்றில் உள்ள பிராணவாயுவைச் சந்தித்ததும் துருவாகிவிடுகிறது. குளோரின் விடுபடுகிறது. விடுபட்ட குளோரின் திரும்பவும் போய் இரும்பைக் கடிக்கிறது! கொஞ்சம் குளோரின் இருந்தாலே போதும். நிறைய இரும்பைத் தின்றுவிடும்.

உலையை நிறுத்தினால் தொல்லை தீருமா? தீராது. சுவரில் படிந்த உப்பு, ஆறிய பிறகு ஈரத்தை உறிஞ்சும். அப்போதும் இரும்பு அரிக்கும். சூட்டிலும் அரிப்பு, குளிரிலும் அரிப்பு!

துவாரத்தின் வாயில் உருகிய சாம்பலும் ஒட்டிக்கொள்கிறது. வாய் குறுகினால் காற்று கோணலாகப் பாயும். தீ எதிர்ச்சுவரில் போய் மோதும். ஒரு மூக்கு அடைபட்டால், அடுத்த சுவருக்கும் ஆபத்து.

கொல்லன் கண்ட வழி

இதற்கு வழி உண்டா? உண்டு. பழைய காலத்துக் கொல்லனுக்கே அது தெரியும். ஈரோடு மாவட்டம் கொடுமணலில் பழைய இரும்பு உலைகளைத் தோண்டி எடுத்தார்கள். அங்கே சுடுமண் குழாய்கள் கிடைத்தன. அவற்றின் வாய் தீயில் வெந்து, கண்ணாடிபோல் ஆகியிருந்தது. காற்று போகும் வாயில் மண்ணைத்தான் வைத்தார்கள், இரும்பை வைக்கவில்லை!

இன்றைய என்ஜினீயர்களும் அந்த வழியில்தான் போகிறார்கள். இரும்புக் குழாயைத் தீக்கு எதிரே நீட்டுவதில்லை. சுவருக்குள் சற்றுப் பின்வாங்கி வைக்கிறார்கள். தீயைப் பார்க்கும் வாயைச் சிலிக்கன் கார்பைடு கல்லால் செய்கிறார்கள். உலோகம் வைத்தே தீர வேண்டிய இடத்தில், நிக்கலும் குரோமியமும் மாலிப்டினமும் கலந்த உலோகத்தை மேலே பற்றவைத்துப் பூசுகிறார்கள்.

சில உலைகளில் சுவர்க் கற்களுக்குப் பின்னாலும் காற்றை அழுத்தி வைக்கிறார்கள். காற்று வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால், புகை கல் இடுக்கில் நுழைந்து இரும்பைத் தொட முடியாது. வாய்ப்பகுதி தேய்ந்தால் அதை மட்டும் கழற்றி மாற்றும்படியும் அமைக்கலாம். அப்போது சுவரை இடிக்க வேண்டியதில்லை.

மலிவு எது?

இதற்கெல்லாம் செலவாகும். உண்மைதான். ஆனால் மலிவான மூக்கு வைத்த உலை அடிக்கடி நின்றுபோகும். நிற்கும்போது குப்பை மலையாகும். அரைகுறையாக ஓடும்போது நச்சுப் புகை வரும். அந்தப் புகையைச் சுவாசிப்பது யார்? டெண்டரில் கையெழுத்துப் போட்டவர் அல்ல. உலைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஏழைக் குழந்தைகள்!

டெல்லி திமார்ப்பூரில் 1987-ல் டென்மார்க் நாட்டு உதவியோடு ஓர் உலை கட்டினார்கள். ஒரு நாளைக்கு 300 டன் குப்பையை எரிக்கும் என்றார்கள். சுமார் மூன்று வாரம்தான் ஓடியது. அங்கே கெடுத்தது அரிப்பு அல்ல. மண்ணும் ஈரமும் நிறைந்த குப்பை எரியவே இல்லை! ஊருக்கு ஏற்ற உலை வேண்டும். உலைக்கு ஏற்ற குப்பையும் வேண்டும் என்பதற்கு அது பாடம்.

ஆகவே, வேலை இரண்டு பேருக்கும் இருக்கிறது. நகராட்சி, குறைந்த விலையை மட்டும் பார்க்கக் கூடாது. காற்று வாய் எதனால் செய்தது, எத்தனை வருஷம் உழைக்கும், மாற்ற எத்தனை நாள் ஆகும் என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

வீட்டில் உள்ளவர்கள், எச்சில் சோற்றையும் காய்கறித் தோலையும் தனிக் கூடையில் போட வேண்டும். அது உரமாகட்டும். ஒயரையும் பி.வி.சி. குழாயையும் தனியே கொடுக்க வேண்டும்.

உலையின் மூக்கைக் காப்பது என்ஜினீயர் மட்டும் அல்ல. அடுப்படிக் கூடையைப் பிரித்து வைக்கும் கையும்தான்!