விண்கலத்துக்கு நிற்கும் வரிசையில் ‘ஊருக்குள்ள எந்தத் தெரு?’

ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி தொலைக்காட்சியில் விளம்பரம் பார்க்கிறாள். ‘ஃபன்டவுன்’ என்று ஒரு பொழுதுபோக்குப் பூங்கா. கூட்டிப்போகச் சொல்லி அப்பாவை நச்சரிக்கிறாள். கறுப்பினப் பிள்ளைகளை அங்கே உள்ளே விடமாட்டார்கள் என்று அப்பாவுக்குத் தெரியும். அதைச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. அந்த அப்பா மார்ட்டின் லூதர் கிங்.

1963 ஏப்ரலில் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் இது வருகிறது. ‘கொஞ்சம் காத்திருங்கள்’ என்று புத்தி சொன்ன மதகுருமார்களுக்கான பதில் அது. கும்பல் கொலைகளைச் சொல்கிறார், போலீஸ் அடியைச் சொல்கிறார், அதே மூச்சில் மகள் போக முடியாத அந்தப் பூங்காவையும் சொல்கிறார். நம் வாசிப்பு வட்டங்களில் இந்தக் கடிதத்தைப் பலமுறை படித்திருக்கிறோம். நியாயமற்ற சட்டங்கள் பற்றிய பகுதியை எல்லாரும் அடிக்கோடு போட்டு வைத்திருப்பீர்கள். பூங்காவைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. கொலைக்குப் பக்கத்தில் ராட்டினத்தை வைத்துப் பேசும் துணிச்சல் நமக்கு வருவதில்லை என்று நினைக்கிறேன். விளையாட்டு, கொண்டாட்டம், சுற்றுலா எல்லாம் ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ பட்டியலில்தான் இருக்கின்றன.

இதை இப்போது எழுதக் காரணம் என் சித்தி மகள். அவளும் மாப்பிள்ளையும் கலிஃபோர்னியாவில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறார்கள். பையனுக்கு 11 வயது, பாப்பாவுக்கு 7. சமீபத்தில் ஒரு விடுமுறையில் ஆறேழு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு அனாஹைமில் இருக்கும் டிஸ்னிலேண்டுக்குப் போயிருக்கிறார்கள். பையன் ஸ்டார் வார்ஸ் பைத்தியம். அங்கே 2019 மே மாதம் ‘கேலக்ஸிஸ் எட்ஜ்’ என்ற பகுதியைத் திறந்தார்கள். 14 ஏக்கரில் பாட்டூ என்று ஒரு கற்பனைக் கிரகத்தையே கட்டி வைத்திருக்கிறார்கள். கடையில் நிற்பவர், குப்பை அள்ளுபவர் எல்லாரும் அந்தக் கிரகத்துவாசிகள். வணக்கம் சொல்வதற்கே தனி வார்த்தை வைத்திருக்கிறார்கள்.

முக்கியமானது ‘மில்லேனியம் ஃபால்கன்’ விண்கலம். படத்தில் வரும் அதே அளவில் நிற்கிறது. ஆறு ஆறு பேராக உள்ளே விடுவார்கள். இருவர் பைலட், இருவர் துப்பாக்கி, இருவர் இன்ஜினியர். யாருக்கு என்ன வேலை என்று வண்ண அட்டை கொடுப்பார்கள். பைலட்களில் ஒருவர் கையில் இடம் வலம், இன்னொருவர் கையில் மேலே கீழே. இருவரும் ஒத்துப்போகாவிட்டால் கலம் போய் முட்டிக்கொண்டே இருக்கும். சேதாரத்துக்குக் கடைசியில் கூலியில் பிடித்தம் வேறு. முன்பின் தெரியாத ஆறு பேரை ஒரே அறையில் அடைத்து, ஒருவரை ஒருவர் நம்ப வைக்கிற விளையாட்டு. எனக்கு இந்த யோசனை ரொம்பப் பிடித்திருக்கிறது.

அந்த வரிசையில் நின்றபோதுதான் அது நடந்தது. முன்னால் ஒரு தமிழர், பத்து வயது மகனோடு நின்றிருக்கிறார். தமிழ்க் குரல் கேட்டதும் திரும்பியிருக்கிறார். சந்தோஷமாகத்தான் பேச்சு ஆரம்பித்தது. எந்தக் கம்பெனி, எத்தனை வருஷம் ஆச்சு, இங்கே தோசை எங்கே நன்றாக இருக்கும். அப்புறம் சொந்த ஊர். விழுப்புரம் பக்கம் என்றாள். பக்கம்னா? ஊர்ப் பேரைச் சொன்னாள். “அட, அங்க எங்க மாமா வீடு இருக்கே. ஊருக்குள்ள எந்தத் தெரு?”

வெளியில் நின்று படிக்கிறவர்களுக்கு இது சாதாரண விசாரிப்பு. நமக்குத் தெரியும். இதற்கு நம் மொழியில் ‘போட்டு வாங்குவது’ என்று பேர். சாதி என்ற சொல்லே வராது. ஊர், தெரு, குலதெய்வம், தாத்தா என்ன பண்ணிட்டிருந்தார், வீட்டில் கறி சாப்பிடுவீங்களா என்று ஒவ்வொன்றாக நூல் விட்டுப் பார்ப்பார்கள். மாப்பிள்ளை செல்போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். இவள் என்ன செய்தாள்? “மெயின் ரோட்டுக்குக் கிழக்கால, காலனிங்க” என்று சொல்லிவிட்டாள். அவர் “ஓ” என்றார். அதற்குப் பிறகு வரிசையில் அரை மணி நேரம் அவர் திரும்பவேயில்லை. அவர் மகனும் நம் பையனும் மட்டும் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார்கள், எந்தக் கலம் வேகமானது என்று.

இவர்கள் நான்கு பேர், அவர்கள் இரண்டு பேர். மொத்தம் ஆறு. ஒரே கலத்தில் ஏற்றிவிட்டார்கள். பைலட் அட்டை இரண்டும் அவர்களுக்குப் போனது, நம் பையனுக்குக் கிடைத்தது பின்வரிசை இன்ஜினியர். (இதில் சாதி எதுவும் இல்லை தோழர்களே, அட்டை கொடுத்த பெண் வரிசை முறைப்படிதான் கொடுத்திருக்கிறாள். பையன் அதற்காக அழுததுதான் அன்றைய பெரிய பிரச்சினை.) அப்பாவும் மகனுமாகக் கலத்தைச் சுவர் சுவராக முட்டினார்களாம். பின்னால் உட்கார்ந்து இவர்கள் பொத்தானை அமுக்கி அமுக்கி ரிப்பேர் பார்த்திருக்கிறார்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

பிறகு கேட்டாள்: “அண்ணா, ரூமுக்கு வந்ததும் பையன் கேக்குறான், அந்த அங்கிள் ஏன் தெருவ கேட்டாரு, நீ சொன்னதும் ஏன் பேச்ச நிறுத்திட்டாருன்னு. நான் ஒண்ணுமில்லடா தூங்குன்னு சொல்லிட்டேன். என்ன சொல்றது?”

கிங்கின் மகள் ஆறு வயதில் கேட்டதை இவன் 11 வயதில் கேட்கிறான். வித்தியாசம், இவன் உள்ளே போய் விளையாடிவிட்டு வந்து கேட்கிறான்.

அந்த வித்தியாசம் சும்மா வந்ததில்லை. அமெரிக்காவில் பொழுதுபோக்குப் பூங்காக்களுக்காகவே போராட்டங்கள் நடந்திருக்கின்றன. 1960 கோடையில் மேரிலாந்தின் க்ளென் எக்கோ பூங்காவில் ஹோவர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் குதிரை ராட்டினத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்துக் கைதானார்கள். உங்கள் வயதுதான் அவர்களுக்கு. அடுத்த ஆண்டு அந்தப் பூங்கா எல்லாருக்கும் திறந்தது. பால்டிமோர் அருகே க்வின் ஓக் பூங்காவில் 1963 ஜூலையில் நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள், பாதிரியார்களும் யூத ரபிகளும் உட்பட. ஆகஸ்ட் 28 அன்று அது திறந்துவிடப்பட்டது. வாஷிங்டனில் கிங் தன் கனவைப் பேசிய அதே நாள். ஷாரன் லாங்லி என்ற 11 மாதக் குழந்தையை அவளுடைய அப்பா ராட்டினக் குதிரையில் பிடித்து உட்கார வைத்தார். அந்த ராட்டினம் பிற்பாடு வாஷிங்டன் நேஷனல் மாலுக்குப் போனது. பூங்கா முதலாளிகளின் வாதம் எல்லா இடத்திலும் ஒன்றுதான்: என் இடம், என் இஷ்டம். 1964 குடிமை உரிமைகள் சட்டம் வந்த பிறகும் விடவில்லை. ஆர்கன்சாவில் ஒரு பொழுதுபோக்கு இடத்துக்காரர் 25 சென்ட் ‘உறுப்பினர் கட்டணம்’ வாங்கிக்கொண்டு, இது தனியார் கிளப் என்று சாதித்தார். 1969இல் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது.

நம் நாட்டில் இதை முன்பே எழுதி வைத்துவிட்டார்கள். அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவை எடுத்துப் பாருங்கள். கடைகள், உணவகங்கள், விடுதிகளோடு ‘பொதுப் பொழுதுபோக்கு இடங்கள்’ என்றும் இருக்கிறது. கிணறும் குளமும் அடுத்த வரியில் வருகின்றன. 1955 ஜூன் 1 அன்று தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் அமலுக்கு வந்தது. இன்று குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று சொல்கிறோமே, அதுதான். கண்காட்சி, விளையாட்டு, இன்ன பிற கேளிக்கைகள் எல்லாமே பொழுதுபோக்கில் அடங்கும் என்று அதில் விளக்கமே கொடுத்திருக்கிறார்கள். டிஸ்னிலேண்ட் திறந்தது அதே ஆண்டு ஜூலை 17இல். அங்கே ராட்டினம் சுற்ற ஆரம்பிப்பதற்கு ஒன்றரை மாதம் முன்பே, ராட்டினத்தில் ஏற நம்மைத் தடுப்பது இங்கே குற்றம். திருவிழா மைதானத்தில் நம் பையன்கள் எந்த நேரத்தில், எத்தனை பேராகப் போகலாம் என்று இன்னும் யோசித்துத்தானே போகிறார்கள் என்று கேட்பீர்கள். ஆமாம். சட்டத்தைப் பயன்படுத்த வேண்டியது அதற்குத்தான்.

‘இப்போதெல்லாம் பணம்தான் சாதி’ என்று சொல்லும் தோழர்களோடு எனக்குச் சண்டை உண்டு. டிஸ்னிலேண்ட் அவர்களுக்கு வாகான உதாரணம்தான். ஒரு நாள் டிக்கெட் தேதியைப் பொறுத்து 104 டாலரில் தொடங்கி 200 டாலரைத் தாண்டுகிறது. திறந்த புதிதில் ஒரு ஒளிவாள் செய்துகொள்ள 200 டாலர், ஒரு கோப்பை நீலப் பாலுக்கு 8 டாலர். 1999இலிருந்து இலவசமாக இருந்த விரைவு வரிசைச் சீட்டு 2021 முதல் காசுக்கு. பணம் கட்டியவர் பக்கத்து வரிசையில் விறுவிறுவென்று போவதை மற்ற பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. அந்த ‘கிரகவாசிகளின்’ நிலைமை அதைவிட மோசம். டிஸ்னிலேண்ட் தொழிலாளர்கள் சுமார் 5,000 பேரிடம் தொழிற்சங்கங்கள் எடுக்கச் செய்த ஆய்வு 2018இல் வந்தது. பத்தில் ஒருவருக்கு மேல், கடந்த இரண்டு ஆண்டுகளில் வீடில்லாமல் இருந்ததாகச் சொன்னார்கள். சர்வாதிகாரப் படையை எதிர்க்கும் கலகக்காரர்களின் கதையை விற்கிற இடத்தில் இது நடக்கிறது.

இதெல்லாம் அநியாயம், எழுத வேண்டியதுதான். ஆனாலும் இது சாதி இல்லை. என் தங்கை முழு டிக்கெட்டும் விரைவு வரிசைக்கான காசும் கட்டியவள். காசு கொடுத்துத் தாண்டக்கூடிய வரிசையைத் தாண்டித்தான் போனாள். ‘எந்தத் தெரு’ என்ற கேள்வியைத் தாண்டிப்போக எந்தச் சீட்டும் விற்பனைக்கு இல்லை. கலிஃபோர்னியாவில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்க 2023இல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் அக்டோபரில் திருப்பி அனுப்பினார். இருக்கிற சட்டமே போதும் என்று காரணம். அந்த வரிசையில் அரை மணி நேரம் நின்று பார்த்திருக்க வேண்டும்.

ஸ்டார் வார்ஸ் கதையில் எனக்கு எப்போதும் உறுத்தும் இடம் ஒன்று உண்டு. 1977இல் வந்த முதல் படத்தில் ஒரு சாராயக்கடை. பல கிரகத்து ஜந்துக்கள், கொம்பு வைத்ததும் தும்பிக்கை வைத்ததும் ஒன்றாக உட்கார்ந்து குடிக்கின்றன. ஆனால் கூடவந்த ரோபோக்களை மட்டும் கடைக்காரன் வெளியே நிற்கச் சொல்லிவிடுவான். நாயகன் மறுபேச்சு பேசமாட்டான். ரோபோக்கள் வெளியே போய் நிற்கும். முதல்முறை பார்த்தபோதே எங்கள் ஊர் டீக்கடைதான் ஞாபகம் வந்தது. பாட்டூ கிரகத்திலும் அப்படி ஒரு கடை இருக்கிறது, ஓகாஸ் கேன்டீனா. அங்கே ரோபோவை உள்ளே விட்டிருக்கிறார்கள், பாட்டுப் போடுவதற்கு. 1987இல் இதே டிஸ்னிலேண்டில் ‘ஸ்டார் டூர்ஸ்’ விண்கலத்துக்குப் பைலட்டாக இருந்த ரோபோ அது. இன்று வாசிப்பதற்கு மட்டும் உள்ளே. பறையடிக்கக் கூப்பிட்டுவிட்டு, சாப்பாடு வெளியே என்று சொல்லும் கல்யாண வீடுகளைப் பார்த்தவர்கள் நாம். கோடிக்கணக்கில் செலவழித்து எதிர்காலத்தைக் கற்பனை செய்கிறவர்களுக்கும், வெளியே ஒருவனை நிறுத்தாமல் கற்பனை வருவதில்லை.

தங்கைக்கு நான் சொன்னது: பையனிடம் சொல்லிவிடு. முழுசாகச் சொல். அவள் யோசிக்கிறாள். அமெரிக்காவில் பிறந்த பிள்ளை, இதெல்லாம் தெரியாமலே வளரட்டுமே என்பது மாப்பிள்ளையின் வாதம். அந்த ஆசையை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் அவனுக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது. பேச்சு நின்றதை அவன் கவனித்திருக்கிறான். வீட்டில் யாரும் சொல்லாவிட்டால், தன் அம்மா ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டாள் என்றுதான் அவனுக்குத் தோன்றும். அவனிடம் படக்கதையிலிருந்தே ஆரம்பிக்கலாம். வெளியே நிறுத்தப்பட்ட ரோபோவை அவனுக்குத் தெரியும். அப்புறம் தாத்தா ஏன் அந்தத் தெருவில் வீடு கட்ட வேண்டியிருந்தது என்று சொல்லலாம்.

கடைசியாக நம் மாலைநேரப் பள்ளி விஷயம். பிள்ளைகளை ஒரு நாள் சென்னைக்குக் கூட்டிப்போய், காலையில் கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கம், மதியத்துக்கு மேல் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா என்று திட்டம் போட்டோம். நன்கொடை கேட்டபோது இரண்டு பேர், நல்லவர்கள்தான், “அந்தக் காசுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கலாமே” என்றார்கள். கோளரங்கத்துக்கு வேண்டுமானால் தருகிறோம், ராட்டினத்துக்குத் தரமாட்டோம் என்கிறார்கள். தங்கள் பிள்ளைகளை ராட்டினத்துக்குக் கூட்டிப்போகும்போது யாரும் இப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. நோட்டும் வாங்குவோம், ராட்டினத்துக்கும் போவோம். 34 பிள்ளைகள், 2 வேன். ஒவ்வொரு வேனுக்கும் மூன்று பெரியவர்கள் தேவை. தலை சுற்றாதவர்களாக இருந்தால் நல்லது. வர முடிந்த தோழர்கள் இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள்.