ஒலித்ததெல்லாம் வெள்ளியா?

அமெரிக்காவில் வீடுகள் அழிந்துபோன பழைய மனைகளில், உலோகம் காட்டும் கருவியுடன் வெள்ளி தேடுவோர் உண்டு. கருவி ஒலித்ததும் "வெள்ளி!" என்று துள்ளுவார்கள். நான் அதை ஒப்பமாட்டேன்.

ஏன் தெரியுமா? கருவியின் சுருளில் மாறும் மின்னோட்டம், மண்ணிலுள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டுகிறது. அவற்றின் காந்தப்புலத்தையே கருவி உணர்கிறது. உலோகங்களில் வெள்ளியே தலைசிறந்த மின்கடத்தி. ஆனால் தாமிரம் அதற்கு அடுத்தபடியிலேயே நிற்கிறதே! பொருளின் பருமனும் வடிவமும் வேறு குழப்பும்.

ஆர்க்கிமிடீசைத் துணைக்கு அழையுங்கள். கிடைத்த கரண்டி காற்றில் 52 கிராம், நீரில் முழுக்கித் தொங்கவிட்டால் 47 கிராம் என்று கொள்வோம். எடை இழப்பு 5 கிராம். 52-ஐ 5-ஆல் வகுத்தால் ஒப்படர்த்தி 10.4. 92.5 சதவீதம் வெள்ளியுள்ள 'ஸ்டெர்லிங்' ஏறத்தாழ இந்த அளவுதான். 1964 வரையிலான ஆண்டு பொறித்த பழைய கால் டாலரில் வெள்ளி 90 சதவீதம்; அதுவும் 10.3-க்கு அருகில் வரும். 'ஜெர்மன் சில்வர்' கரண்டியோ 9-ஐக்கூட எட்டாது. தாமிரமும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த அதில், வெள்ளி பெயரில் மட்டுமே இருக்கிறது!

கறுத்திருக்கிறதே என்று சாம்பல் போட்டுத் தேய்க்கலாமா? கூடாது. அந்தக் கருமை வெள்ளி சல்பைடு. தேய்த்தால் போவது வெள்ளியேதான். கூடவே முத்திரையும் மழுங்கும். எந்த இடத்தில், எத்தனை ஆழத்தில் கிடைத்தது என்று குறித்தீர்களா என்பதே அவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி. விலையை அப்புறம் பேசலாம்.