"இன்சூரன்ஸ் இருக்குல்ல சார், மாத்திடலாம்!"

கார் வைத்திருக்கும் வீடுகளில் இந்த வசனத்தைக் கேட்காதவர்கள் ரொம்பக் கம்மி. பம்பரில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். சர்வீஸ் அட்வைசர் குனிந்துகூடப் பார்க்க மாட்டார். நின்ற வாக்கிலேயே ஜாப் கார்டில் கிறுக்கிக்கொண்டே, "இன்சூரன்ஸ் இருக்குல்ல சார், புதுசாவே மாத்திடலாம்" என்பார். நம்மாளுக்கும் உள்ளுக்குள் ஒரே குஷி. ஓசியில் புது பம்பர்!

ஓசியா? மக்களே, நாம் பி.காம் படிக்கிறோம். யாராவது ஓசி என்று சொன்னால் முதலில் பேனாவை எடுக்க வேண்டியவர்கள் நாம்தான். எடுப்போம்.

சாதாரண காம்ப்ரஹென்சிவ் பாலிசியில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. இரும்புப் பாகம் என்றால் வண்டியின் வயசைப் பார்த்துக் கழிப்பார்கள். முதல் ஆறு மாசம் ஒன்றும் கிடையாது, அப்புறம் 5%, 10%, 15% என்று ஏறும். பிளாஸ்டிக், ரப்பர், நைலானுக்கு வயசே பார்ப்பதில்லை. நேற்று ஷோரூமிலிருந்து இறங்கிய வண்டியாக இருந்தாலும் 50% அவுட். நேர்கோட்டு முறை, குறைந்துசெல் மதிப்பு முறை என்று நமக்கு நடத்தினார்களே, அதில் எதுவும் முதல் நாளே பாதியைத் தின்னாது. இது தின்னும்.

இன்னும் இருக்கிறது. பெயின்டிங் பில்லில் கால் பங்கைப் பொருள் செலவு என்று வைத்து, அதிலும் பாதியைக் கழிப்பார்கள். 1500 சிசி வரை உள்ள வண்டிக்கு ஒவ்வொரு கிளைமுக்கும் 1000 ரூபாய் கட்டாயமாக நம் கையிலிருந்து போகும். அதற்கு மேல் சிசி என்றால் 2000.

ஒரு கணக்குப் போடுவோம். தொகைகள் உதாரணத்துக்கு நான் வைத்துக்கொண்டவை, விகிதங்கள் நிஜம். பம்பர் 6000, பெயின்டிங் 4000, கூலி 1000. மொத்தம் 11,000. பம்பரில் நம் பங்கு 3000. பெயின்டிங்கில் 500. கட்டாயக் கழிவு 1000. ஆக நம் பாக்கெட்டிலிருந்து 4500, கம்பெனி கொடுப்பது 6500. "பரவாயில்லையே, ஆறாயிரத்து ஐநூறு லாபம்தானே?" என்று கேட்கிறீர்கள். அவசரப்படாதீங்க, மெயின் பிக்சரே இனிமேல்தான்.

நோ கிளைம் போனஸ். அஞ்சு வருஷம் கிளைம் பண்ணாமல் ஓட்டியவருக்கு ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 50% தள்ளுபடி. ஒரே ஒரு கிளைம் போட்டால் அடுத்த புதுப்பித்தலில் அது பூஜ்யம். மறுபடி முதல் படியிலிருந்து ஏற வேண்டும்: 20%, 25%, 35%, 45%, கடைசியில் 50%. ஓன் டேமேஜ் பிரீமியம் 10,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளைம் போடாமல் இருந்தால் வருஷா வருஷம் 5000 கட்டியிருப்பீர்கள். போட்டதால் கட்டப்போவது 10,000, 8000, 7500, 6500, 5500. கூடுதலாகப் போனது 5000 + 3000 + 2500 + 1500 + 500. கூட்டுங்கள். 12,500!

6500 ரூபாய் வாங்குவதற்கு 12,500 ரூபாய். வண்டி மதிப்பு குறையக் குறைய பிரீமியமும் கொஞ்சம் இறங்கும், அதனால் இந்தத் தொகை கொஞ்சம் முன்னே பின்னே வரலாம். ஆனால் திசை மாறாது. அந்த 11,000 ரூபாய் பில்லை முழுசாகக் கையிலிருந்து கட்டியிருந்தால்கூட லாபம். ஏனென்றால் கிளைம் போட்டவருக்கு ஆன செலவு 4500 + 12,500 = 17,000. கந்துவட்டிக்காரன்கூட இப்படிச் சிரித்த முகத்தோடு பிடுங்க மாட்டான்.

"நான் ஜீரோ டெப் எடுத்திருக்கேனே" என்பவர்களுக்கு: அது காப்பாற்றுவது இந்தக் கணக்கில் உள்ள 3500 ரூபாயை மட்டும்தான். நோ கிளைம் போனஸ் அப்போதும் போகும். போனஸைக் காப்பாற்றத் தனி ஆட்-ஆன் இருக்கிறது, அதற்குத் தனிக் காசு. பெரிய விபத்து என்றால் யோசிக்காமல் கிளைம் போடுங்கள், இன்சூரன்ஸ் அதற்குத்தான் இருக்கிறது. சந்துக்குள் ரிவர்ஸ் எடுக்கும்போது உரசியதற்கு இல்லை.

இப்போது அடுத்த கேள்வி. அந்தப் பம்பரை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பம்பர் என்று நாம் கூப்பிடுவது உண்மையில் ஒரு சட்டை. மோதலைத் தாங்குவது அதற்குப் பின்னால் இருக்கும் உலோகச் சட்டமும், இருந்தால் நடுவில் உள்ள நுரைக்கட்டையும். வெளியே தெரிவது பெரும்பாலும் பாலிபுரொப்பிலீனும் ரப்பர் வகைப் பொருளும் கலந்த பிளாஸ்டிக். கழற்றித் திருப்பிப் பார்த்தால் உள்பக்கத்தில் "பிபி" என்றோ "பிபி + ஈபிடிஎம்" என்றோ அச்சு இருக்கும். அந்த அச்சைப் போட்டிருப்பதே இது எந்தப் பிளாஸ்டிக் என்று பின்னால் கையாளுகிறவருக்குத் தெரியத்தான்.

இந்த வகைப் பிளாஸ்டிக்கின் குணமே சூடு பட்டால் இளகுவதும் ஆறினால் இறுகுவதும்தான். அதனால் உள்ளே அமுங்கிய பம்பரில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றியோ ஹீட் கன் காட்டியோ பின்பக்கமிருந்து தள்ளினால் பல சமயம் பழைய இடத்துக்கே வந்துவிடும். விரிசல் என்றால் அதன் நுனியில் சின்ன ஓட்டை போட வேண்டும், மேற்கொண்டு ஓடாமல் இருக்க. பிறகு பின்பக்கம் பள்ளம் கீறி, சூடாக்கிய கம்பி பின்னை அழுத்தி, அதே வகைப் பிளாஸ்டிக் குச்சியை உருக்கி வெல்டிங். அப்புறம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிளாஸ்டிக் பிரைமர், வளையக்கூடிய பட்டி, பெயின்ட், கிளியர் கோட். பிளாஸ்டிக் பிரைமரை விட்டுவிட்டால் பாலிபுரொப்பிலீனில் பெயின்ட் நிற்காது. இரும்புக்குப் போடும் சாதாரண பட்டியைப் போட்டால், பம்பர் வளையும், பட்டி வளையாது, மூணே மாசத்தில் வெடிக்கும். "பம்பர் ரிப்பேரெல்லாம் நிக்காது சார்" என்று சொல்கிறார்களே, அதில் பாதி இந்த ரெண்டு வேலையையும் ஒழுங்காகச் செய்யாததால் வந்த கெட்ட பேர்.

இஞ்சின் பக்கமும் இதே கதைதான். எங்கள் சித்தப்பா வண்டியில் பேட்டரி லைட் எரிந்தது. சர்வீஸ் சென்டரில் புது ஆல்டர்னேட்டர் என்று ஐந்து இலக்கத்தில் எஸ்டிமேட் கொடுத்தார்கள். தெருமுனை ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் அதைக் கழற்றி, தேய்ந்துபோன கார்பன் பிரஷ்ஷையும் கத்திக்கொண்டிருந்த பேரிங்கையும் மாற்றி மாட்டினார். செலவு சில நூறுகள். வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. லோயர் ஆர்மில் புஷ் மட்டும் போயிருந்தால், பல வண்டிகளில் பிரஸ்ஸில் கொடுத்து புஷ்ஷை மட்டும் மாற்றலாம். பிரேக் காலிப்பரில் ஆயில் கசிந்தால், பிஸ்டன் நன்றாக இருக்கும்பட்சத்தில் சீல் கிட் போதும். ஆனால் ஜாப் கார்டில் இதெல்லாம் வருவதே இல்லை. "அசெம்ப்ளி" என்ற ஒரே வார்த்தைதான் வரும்.

ஏன் வருவதில்லை? அட்வைசர் கெட்டவர் என்பதாலா? கிடையாது. அவரும் நம்மைப் போலப் படித்துவிட்டு வேலைக்கு வந்தவர்தான், மாசக் கடைசியில் டார்கெட் கழுத்தை நெரிக்கும். பார்ட்ஸ் விற்றால் மார்ஜின் உண்டு. ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து வெல்டிங் வைத்தால் என்ன கிடைக்கும்? கோளாறு ஆளிடம் இல்லை, அமைப்பில் இருக்கிறது. ஆடிட்டிங் பாடத்தை நினைத்துப் பாருங்கள். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 144. ஒரு கம்பெனியைத் தணிக்கை செய்யும் ஆடிட்டரே அந்தக் கம்பெனிக்குக் கணக்கு எழுதித் தரக் கூடாது. அவர் நேர்மையானவராகவே இருந்தாலும் கூடாது. காரில் மட்டும், எந்தப் பாகம் கெட்டுப்போச்சு என்று தீர்ப்பு சொல்பவரும் அந்தப் பாகத்தை விற்பவரும் ஒரே ஆள். அதை நாம் கேள்வியே கேட்காமல் டீ குடித்துக்கொண்டு ஏற்றுக்கொள்கிறோம்.

இது வெறும் புலம்பல் இல்லை. 2011-ல் ஒரு தனி மனிதர் கொடுத்த புகாரை வைத்து இந்தியப் போட்டி ஆணையம் விசாரித்தது. 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. என்ன குற்றம்? ஒரிஜினல் உதிரிபாகங்களையும், கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்க விடாமல் வைத்திருந்தது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின, அது வேறு கதை. அந்த உத்தரவில் நமக்கு முக்கியமான ஒரு வரி உண்டு: வெளியே வேலை பார்த்த ஒரே காரணத்துக்காக ஒட்டுமொத்தமாக வாரன்டியை ரத்து செய்யக் கூடாது, தவறான ரிப்பேரால் என்ன கெட்டதோ அந்த அளவுக்குத்தான் மறுக்கலாம். இதைத் தெரியாமல் எத்தனை அப்பாக்கள் "வாரன்டி போயிடும்" என்ற ஒற்றை வார்த்தைக்குப் பயந்து கையெழுத்துப் போட்டிருப்பார்கள்! 2022-ல் மத்திய நுகர்வோர் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு போட்டு ஒரு இணையதளமும் திறந்தது. அதில் கார்களும் சேர்த்தி. நல்ல விஷயம்தான். ஆனால் ஜாப் கார்டை வாசிக்காமல் கையெழுத்துப் போடும் வரைக்கும் எந்த இணையதளமும் நம்மைக் காப்பாற்றாது.

எதிர்க்கட்சி வாதங்களுக்கும் வருவோம்.

"உயிர் விஷயம், ரிப்பேர் பண்ணி ரிஸ்க் எடுக்கணுமா?" நியாயமான கேள்வி. அதனால்தான் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். தேய்ந்த பிரேக் பேட், ஆட்டம் கண்ட பால் ஜாயின்ட், வெடித்த ஏர்பேக், வளைந்த பம்பர் சட்டம் இதிலெல்லாம் பேரமே கிடையாது, மாற்றத்தான் வேண்டும். பம்பருக்குப் பின்னால் ரேடார் வைத்த புது வண்டிகளில் அந்த இடத்தில் பட்டியைக் கனமாக அப்பினால் ரேடாரின் பார்வை கெடும், அங்கேயும் வேண்டாம். ஆனால் "உயிர்" என்ற வார்த்தையை மட்கார்டு கிளிப்புக்கும் உடைந்த ஹெட்லைட் காதுக்கும் சேர்த்துச் சொல்லும்போதுதான் கடுப்பாகிறது. உண்மையில் உயிர் சம்பந்தப்பட்டது பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், கொதிநிலை இறங்கிக்கொண்டே போகும். அதை மாற்ற வேண்டிய காலம் மேனுவலில் இருக்கிறது. நம்மாளு அதை விட்டுவிட்டு டெஃப்லான் கோட்டிங்குக்குக் காசு கட்டிவிட்டு வருவார்.

"தெரு மெக்கானிக் மட்டும் யோக்கியமா?" எல்லோரும் இல்லை. விரிசல் மேல் பட்டியை அப்பி பெயின்ட் அடித்துத் தள்ளுகிறவர்களும் உண்டு. ஆனால் அவரிடம் பக்கத்தில் நின்று பார்க்கலாம். "பெயின்டுக்கு முன்னாடி பின்பக்க வெல்டிங்கைக் காட்டுங்கண்ணே" என்று கேட்கலாம். அந்தப் பக்கம் கண்ணாடிக்கு வெளியே ஏசி ரூமில் உட்கார வைத்து, பில்லை மட்டும்தான் காட்டுவார்கள்.

எனக்கு இதில் பெரிய வருத்தம் காசு மட்டும் இல்லை. புதுப்பேட்டையிலும் நம் ஊர் பைபாஸ் ஓரத்திலும், தட்டிப் பார்த்தே கோளாறு சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். டிங்கரிங் என்பது வருஷக்கணக்காகக் கையால் கற்ற வித்தை. நாம் ஒவ்வொரு தடவை "மாத்திடுங்க" என்று தலையாட்டும்போதும் அந்த வித்தைக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டு வருகிறோம். இப்படியே போனால், சரிசெய்யத் தெரிந்தவர் யாரும் மிஞ்ச மாட்டார், கழற்றி மாட்டுபவர்கள் மட்டும் இருப்பார்கள். அன்றைக்கு அவர்கள் சொன்னதுதான் விலை.

ஆகவே மக்களே, வீட்டில் அடுத்த தடவை வண்டி சர்வீஸுக்குப் போகும்போது கூடப் போங்கள். மூணே கேள்வி கேளுங்கள். ஒன்று, இந்தப் பாகத்தைச் சரி செய்ய முடியாதா, முடியாது என்றால் ஏன்? ரெண்டு, இது மேனுவலில் சொன்ன வேலையா, நீங்களாகச் சேர்த்ததா? மூணு, கிளைம் போட்டால் என் போனஸ் எவ்வளவு போகும்? பதில் வரும் வரைக்கும் அப்பாவைப் பேனாவைத் திறக்க விடாதீர்கள். கிளைம் போடாமல் காசு கொடுத்து மாற்றினால் பழைய பாகத்தைக் கையில் கேட்டு வாங்குங்கள்.

அந்த சர்வீஸ் சென்டரில் தண்ணிக்கும் டீக்கும் சேர்த்து நாம்தான் காசு கொடுக்கிறோம். "ஏன்?" என்று கேட்பது மட்டும்தான் அங்கே நிஜமாகவே ஓசி.