கையை விரித்த பிறகு

எங்கள் காலனியில் ஒரு அக்கா இந்த மாதம் கையை விரித்துவிட்டார். நான்கு குழுவில் கடன். திங்கள் 850, செவ்வாய் 700, வியாழன் 920, சனி 600. கூட்டினால் வாரத்துக்கு 3,070 ரூபாய். அவரும் கணவரும் கூலிக்குப் போய், வேலை தடையில்லாமல் கிடைத்தால்தான் வாரம் 3,500 வரும். மழையில் இரண்டு வாரம் வேலை நின்றது. தவணையும் நின்றது.

பண்ணக்கூடாததைத்தான் நாம் இந்த நேரத்தில் முதலில் பண்ணுகிறோம். யார் அதிகமாகச் சத்தம் போடுகிறாரோ அவருக்கு முதலில் கொடுத்துவிடுகிறோம். அதற்காக ரேஷன் கார்டையோ ஏ.டி.எம். கார்டையோ அடகு வைக்கிறோம். அதுவும் தீர்ந்தால் செங்கல் சூளை மேஸ்திரியிடம் முன்பணம். பொங்கல் முடிந்ததும் குடும்பமே லாரி ஏறும், பிள்ளையின் படிப்பு பாதியில் போகும். பழைய கடனாவது பணத்தோடு நின்றது. முன்பணம் ஆளையே பிடித்துக்கொள்கிறது.

ஆகவே முதல் நான்கைந்து வாரத்துக்கு வருகிற கூலியில் முதலில் அரிசி, மருந்து, கரண்ட் பில், பள்ளிச் செலவு. மீதி இருந்தால்தான் கடன். இது ஏமாற்று வேலை அல்ல. கடனுக்காகச் சொத்தை ஜப்தி செய்யும் கோர்ட்டே உடுத்தும் துணி, சமைக்கும் பாத்திரம், படுக்கை, தொழில் கருவி, கூலியாளின் கூலி ஆகியவற்றைத் தொடக்கூடாது என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு. கோர்ட்டு தொட முடியாத கூலியை, கடனைச் சொல்லி ஊர்த்தெரு மிராசு பிடித்து வைக்கிறாரே, எந்த அதிகாரத்தில்? வாங்கிய கடனுக்காக ஆளை வேலையில் கட்டிப் போடுவது 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி கொத்தடிமை முறை. கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். விடுவிக்கப்பட்டால் அந்தக் கடனும் செல்லாது.

“பணம் கட்டாவிட்டால் ஜெயில்” என்று வசூலுக்கு வருகிறவர் மிரட்டுவது வழக்கம். பணம் கட்டச் சொல்லும் தீர்ப்பே வந்திருந்தாலும், அதற்காகப் பெண்ணைச் சிறையில் வைக்கக்கூடாது என்கிறது அதே சட்டத்தின் 56ஆம் பிரிவு. ஆணாக இருந்தாலும், வழியில்லாத ஏழையை இல்லாமைக்காக மட்டும் சிறையில் அடைக்கக்கூடாது என்று உச்சநீதிமன்றம் 1980லேயே தீர்ப்பளித்தது.

குழுக் கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022ல் கொண்டுவந்த விதிகளையும் சொல்ல வேண்டும். ஒரு குடும்பம் கட்டும் எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. அக்கா கணக்கில் வாரத்துக்கு 1,750க்கு மேல் போயிருக்கவே கூடாது. மூன்றாவது, நான்காவது கடனைக் கொடுத்தவர்கள் எந்த வருமானத்தைப் பார்த்துக் கொடுத்தார்கள்? காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் போன் போட்டு வசூல் கேட்கக்கூடாது. பொது இடத்தில்தான் வசூல். அங்கே தொடர்ந்து இரண்டு முறை வராமல் போனால்தான் வீட்டுக்கு வரலாம். அதனால் பணமில்லாவிட்டாலும் கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். அங்கே அவமானம்தான், தெரியும். ஒளிந்துகொண்டால் வாசலுக்கு வர நாமே வழி கொடுத்தது போலாகும். மீறி மிரட்டினால் புகார் கொடுக்க ரிசர்வ் வங்கியின் 14448 எண்ணில் வழி கேட்கலாம். வற்புறுத்திக் கடன் வசூலிப்பதற்கு எதிராக 2025ல் தமிழக அரசும் சட்டம் கொண்டுவந்தது. மூன்று ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம்.

கூலியும் உதவித்தொகையும் வரும் கணக்கு, கடன் வாங்கிய வங்கியிலேயே இருந்தால் தபால் நிலையத்திலோ வேறு வங்கியிலோ ஒன்று தொடங்குங்கள். 2023ல் மகளிர் உரிமைத்தொகையையே சில வங்கிகள் பிடித்துக்கொண்டு, அரசு எச்சரிக்க வேண்டி வந்தது நினைவிருக்கும்.

சரி, வசதியானவர்கள் கொடுக்கும் மஞ்சள் கடுதாசியை நாம் கொடுக்கக் கூடாதா? 1920ஆம் ஆண்டு திவால் சட்டத்தில் 500 ரூபாய் கடன் இருந்தாலே மனுப் போடலாம். ஆனால் வக்கீல், வாய்தா என்று நாள்கூலியை விட்டுவிட்டு யார் அலைவது? 2016ல் வந்த புதிய திவால் சட்டத்தைக் கம்பெனிகள் நன்றாகவே பயன்படுத்துகின்றன. ஆண்டு வருமானம் 60,000க்குள், சொத்து 20,000க்குள், கடன் 35,000க்குள் உள்ள ஏழைக்குக் கடன் தள்ளுபடி தரும் பகுதியும் அதில் உண்டு. அது மட்டும் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. வந்தாலும் சொந்த வீடு இருக்கக்கூடாதாம். அரசு கட்டிக் கொடுத்த ஒழுகும் தொகுப்பு வீட்டைக் காட்டியே நம்மில் பாதிப் பேரைத் தள்ளிவிடுவார்கள். நமது கட்சிகளும் இயக்கங்களும் இதைப் பேசி நாம் கேட்டதில்லை.

அதுவரை கையில் இருப்பது இலவச சட்ட உதவி. பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பே இல்லை. 15100க்கு போன் செய்யலாம், தாலுகா கோர்ட்டில் உள்ள சட்டப்பணிகள் குழுவில் நேரிலும் கேட்கலாம்.

படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேலை. ஒரு நோட்டில் யாருக்கு எவ்வளவு பாக்கி, எந்தத் தேதியில் எவ்வளவு கட்டியது, யார் என்ன பேசினார் என்று எழுதி வையுங்கள். “இவ்வளவுதான் முடியும், தவணையைக் குறைத்துத் தாருங்கள்” என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் கடிதம் எழுதி, நகலில் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் பெயருக்கு வரும் கல்வி உதவித்தொகையை இதில் போடாதீர்கள். நீங்கள் கையெழுத்துப் போடாத கடனுக்கு அந்தப் பணம் பொறுப்பல்ல.

குழுவில் இருக்கும் மற்ற பெண்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் பங்கையும் உங்கள் தலையில் கட்டுகிறார்கள், கோபம் நியாயம்தான். ஆனால் தவணை நாளில் அக்கா வீட்டு வாசலில் நின்று கத்தியது கம்பெனி ஆள் இல்லை, நம் தெருப் பெண்கள். அவர் பைக்கில் சாய்ந்தபடி வேடிக்கை பார்த்தார்.

அக்காவின் மகள்தான் இப்போது நோட்டு எழுதுகிறாள். நான்கில் ஒரு கம்பெனி தவணையைக் குறைத்திருக்கிறது, மூன்று இன்னும் பதில் சொல்லவில்லை. மேஸ்திரி இரண்டு முறை வந்து போய்விட்டார். மார்ச்சில் அவளுக்குப் பிளஸ் டூ பரீட்சை.