தலையில் கால் முளைத்த ஈ: 'எல்லாத்துக்கும் ஒரு ஜீன்' என்பது சரியா?

பழுத்த வாழைப்பழத்தைச் சுற்றி மொய்க்கும் குட்டி ஈக்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பழ ஈயின் தலையில், உணர்கொம்புகள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தால்? கற்பனை இல்லை. ஆய்வகங்களில் பல பத்தாண்டுகளாக வளர்க்கப்படும் ரகம்தான் இது. காரணம், 'ஆன்டெனாபீடியா' என்ற மரபணுவில் ஏற்பட்ட மாற்றம்.

"அப்போ அதுதான் கால் ஜீன்!" என்று சொல்லத் தோன்றும். தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

உண்மையில் நடப்பது என்ன?

காலுக்கும் உணர்கொம்புக்கும் 'டிஸ்டல்-லெஸ்' என்ற மரபணு பொது. அது இல்லாவிட்டால் இரண்டிலும் நுனிப்பகுதி வளராது. தலையில் இதனுடன் 'ஹோமோதொராக்ஸ்' என்ற மரபணு ஒரே செல்களில் கைகோத்தால் உணர்கொம்பு உருவாகும். மார்புப் பகுதியில் ஆன்டெனாபீடியா குறுக்கே வந்து, அந்தச் செல்களில் ஹோமோதொராக்ஸை அடக்கிவிடும், கால் வளரும். அதே ஆன்டெனாபீடியா இடம் மாறித் தலையில் வேலை செய்தால், அங்கேயும் கால்!

இன்னொரு விஷயம். ஆன்டெனாபீடியாவைத் தொடாமல், தலையில் ஹோமோதொராக்ஸை மட்டும் நீக்கினாலும் கால்தான் வருகிறது. அப்படியென்றால் எதைக் 'கால் ஜீன்' என்பது?

மனிதர்களுக்கு இதில் என்ன?

டிஸ்டல்-லெஸ்ஸின் சொந்தக்கார மரபணுக்கள் நம் உடலிலும் உண்டு. டிஎல்எக்ஸ்5, டிஎல்எக்ஸ்6 பாதிக்கப்பட்டால் கை, கால் பிளவுபட்டுக் குழந்தை பிறக்கலாம். 'லாம்' முக்கியம். ஒரே குடும்பத்தில், ஒரே மாற்றத்தைச் சுமக்கும் இருவரில் ஒருவருக்குப் பிளவு இருக்கும். இன்னொருவரின் கைகள் இயல்பாக இருக்கும்.

தலசீமியா போல ஒரே மரபணுவின் கோளாறால் வரும் நோய்கள் உண்டுதான். ஆனால் அங்கேயும் பாதிப்பின் அளவை மற்ற மரபணுக்கள் மாற்றுகின்றன. நிலைமை இப்படி இருக்க, 'புத்திசாலித்தனத்துக்கான ஜீன்' என்று தலைப்பு போடுவதும், எச்சில் பரிசோதனையில் பிள்ளையின் திறமையைச் சொல்லிவிடுவதாக விளம்பரம் செய்வதும் மக்களை ஏமாற்றும் வேலை. இதைவிடக் கொடுமை, குறையோடு குழந்தை பிறந்ததும் "உன் வம்சத்துக் கோளாறு" என்று தாயைக் குத்திக்காட்டுவது.

ஓர் ஈயின் காலுக்கே இத்தனை மரபணுக்கள் பேசி முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அடுத்த முறை 'இதற்கு இந்த ஜீன்தான்' என்று யாராவது சொன்னால், "கூட எந்த ஜீன்? எந்த இடத்தில்?" என்று கேளுங்கள்.