பிறந்த வீடே புகுந்த வீடு

காரைக்கால் கடற்கரைக்குக் குழந்தைகளை அழைத்துப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பிய தாய் யாராவது உண்டா? வீட்டுக்கு வந்து பார்த்தால் பாவாடை மடிப்பில், சட்டைப் பையில், ஏன், என் கைப்பையில்கூடக் கிளிஞ்சல்தான். கிளிஞ்சல்மேடு என்று ஒரு ஊருக்கே பெயர் இருக்கிற பக்கமாயிற்றே!

இந்தத் தடவை என் பேத்தி, அரசலாறு கடலில் சேரும் இடத்திலிருந்து உயிரோடு ஒரு மட்டியையும் கொண்டு வந்துவிட்டாள். ஹார்லிக்ஸ் பாட்டிலில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து அதை உள்ளே போட்டாள். பக்கத்தில் காலிக் கிளிஞ்சல் ஒன்று, கொஞ்சம் பெரிய சைஸில்.

"இது எதுக்குடி?" என்றேன்.

"அது வளர்ந்ததும் வீடு மாத்திக்கணும்ல பாட்டி!"

மூன்றாம் நாள் காலையில் மட்டி வாயைப் பிளந்து கிடந்தது. நாற்றம் சமையலறை வரைக்கும். உப்புத் தண்ணீர்ப் பிராணியை நல்ல தண்ணீரில் போட விட்டது என் தப்புதான். அழுத பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு நான் சொன்ன சமாதானத்தைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

காலிச் சங்கு தேடிக் குடியேறுகிற நண்டு ஒன்று உண்டு. வீடு மாற்றுவது அதுதான். மட்டி அப்படியல்ல. முட்டையிலிருந்து வந்து ஏறக்குறைய ஒரு நாளிலேயே, கண்ணுக்குத் தெரியாத அந்தக் குஞ்சுக்கு இரண்டு பக்கமும் ஓடு வந்துவிடும். அன்றைக்குப் பிறந்த வீட்டையே கடைசி வரை பெரிதாக்கிக்கொண்டு போகிறது.

கட்டுகிற கொத்தனார் யார் தெரியுமா? ஓட்டுக்கு அடியில், உடம்பை இரு பக்கமும் போர்த்தியிருக்கும் ஒரு மெல்லிய சதை. ஈர மல் துணி மாதிரி இருக்கும். பாடப் புத்தகத்தில் 'மேன்டில்' என்பார்கள். நாம் போர்வை என்றே வைத்துக்கொள்வோமே. இதன் ஓரம் புடவைக் கொசுவம் போல மூன்று மடிப்பாக இருக்கிறது. உள் மடிப்பு தண்ணீர் வரத்தைக் கவனிக்கும். நடு மடிப்புக்குத் தொடு உணர்ச்சி அதிகம். ஓடு கட்டுகிற வேலை வெளி மடிப்புக்கு. முதலில் வார்னிஷ் பூசினாற்போல மெல்லிய மேல்தோல். அதற்கு உள்பக்கமாகச் சுண்ணாம்பு அடுக்கு. ஓரத்தில் கட்டக் கட்ட ஓடு அகலமாகும். போர்வையின் மற்ற பாகம் உள்ளிருந்தே மேலும் மேலும் பூசி அதைக் கனமாக்கும்.

நம்பிக்கை வராவிட்டால் ஒரு காலிக் கிளிஞ்சலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மேல்புறத்தில் மூக்கு மாதிரி ஒரு முனை இருக்கிறதல்லவா? அங்கேதான் வீடு ஆரம்பித்தது. அதைச் சுற்றி வரும் கோடுகள், ஓரம் நகர்ந்து நகர்ந்து வந்த தடம். உள்புறத்தைத் திருப்புங்கள். ஓரத்துக்குச் சற்று உள்ளே மங்கலாக ஒரு கோடு ஓடும். போர்வை ஒட்டிக்கொண்டிருந்த தையல் அது! இரண்டு பக்கமும் தெரிகிற வட்டத் தழும்புகள், ஓட்டை இறுக மூடும் தசைகள் பிடித்திருந்த இடம். எத்தனை வருஷமாகக் கிளிஞ்சலைக் கையில் எடுத்திருக்கிறேன், இதை ஒரு நாளும் கவனித்ததில்லை.

ஓடு உடைந்தால் கூடப் போர்வை சும்மா இருக்காது. உள்ளிருந்தே ஒட்டுப் போட்டுவிடும்.

இத்தனைக்கும் சுண்ணாம்புச் சத்து எங்கிருந்து? பெரும்பாலும் கடல் தண்ணீரிலிருந்தே. ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 400 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. நம் கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் போல. மட்டிக்குத் தண்ணீரிலிருந்தே எடுக்கத் தெரியும், நமக்குத் தெரியாது. பாலூட்டும் பெண்கள் கேழ்வரகு, பால், முள்ளோடு தின்னும் நெத்திலி என்று சாப்பிடத்தான் வேண்டும். பிள்ளை பெற்றவள் வெற்றிலை போட்டால் சுண்ணாம்புச் சத்து சேரும் என்று அதையே நம்பி இருக்காதீர்கள். கூடப் போகிற பாக்கு வாய்ப் புற்றுக்குக் காரணமாகிறது, புகையிலை சேர்க்காவிட்டாலும்கூட.

முத்துக்கும் இந்தப் போர்வைதான் தாய். சுவாதி மழைத்துளி முத்தாகும் என்று நம் பாட்டிமார் சொன்னார்கள். மணல் துகள் என்று படித்தவர்கள் சொன்னார்கள். இரண்டுமே சரியில்லை. போர்வையின் செல்கள் அடிபட்டோ, புழு துளைத்தோ உடம்புக்குள்ளே இடம் மாறிப் போனால், அங்கேயும் தன் பழக்கத்தை விடாமல் பூசிக்கொண்டே இருக்கும். பூச்சு உருண்டு திரண்டால் முத்து.

இந்தக் குணத்தை வைத்துத்தான் தூத்துக்குடியில் வேலை நடந்தது. அந்தக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்துவிட்டது. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்து டாக்டர் கே. அழகர்சாமி, பக்கத்து வேப்பலோடையில் சிப்பிக்குள் உருண்டையான முத்தை வளர்த்துக் காட்டினார். இந்தியாவில் அப்படி வளர்த்தது அதுவே முதல் தடவை. ஒரு சிப்பியின் போர்வையிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் துண்டு வெட்டி, சின்ன மணி ஒன்றோடு சேர்த்து இன்னொரு சிப்பியின் உடம்பில் வைப்பார்கள். மணியை மட்டும் வைத்தால் முத்துப் பூச்சு ஏறாது. துண்டும் கூட வேண்டும். அது மணியைச் சுற்றிப் பை போல வளர்ந்து, புகுந்த வீட்டிலும் பிறந்த வீட்டு வேலையையே செய்கிறது!

நம் பேத்தியின் மட்டி அப்படியெல்லாம் கொடுத்து வைத்ததில்லை. அதன் ஓட்டை, "சுண்ணாம்புக் காளவாய்க்குப் போகட்டும்" என்று என் மாமியார் எடுத்து வைத்துவிட்டார். கிளிஞ்சலைச் சுட்டால் கரியமில வாயு போய்ச் சுட்ட சுண்ணாம்பு. தண்ணீர் விட்டால் கொதித்து நீறும். சுவரில் அடித்த பிறகு காற்றிலுள்ள கரியமில வாயுவைத் திரும்ப எடுத்துக்கொண்டு, மறுபடி கிளிஞ்சலில் இருந்த அதே பொருளாகிவிடுகிறது.

ஆனால் நடுவில், ஈரச் சுண்ணாம்பாக இருக்கும்போது பொல்லாதது. தாத்தாவின் சுண்ணாம்பு டப்பாவை, அதிலும் அமுக்கினால் பீய்ச்சுகிற பிளாஸ்டிக் பாக்கெட்டை, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கண்ணில் பட்டுவிட்டால் பார்வையே போகலாம். நெய், எண்ணெய், தாய்ப்பால் எதுவும் விடாதீர்கள். இமையைப் பிரித்துப் பிடித்துச் சுத்தமான தண்ணீரை 20 நிமிஷமாவது விட்டுக்கொண்டே இருங்கள். இமைக்குள் துணுக்கு தெரிந்தால் ஈரத் துணி முனையால் எடுத்துவிட்டு, உடனே கண் டாக்டரிடம் கொண்டு போங்கள்.