எஞ்சினை எவ்வளவு இறுக்குவது?

போர்ஷே நிறுவனம் 1996 இல் சந்தைக்குக் கொண்டுவந்த பொக்ஸ்டர் என்னும் கூரை திறக்கும் ஸ்போர்ட்ஸ் காரின் முதற் தொகுதிகள் இன்று கால் நூற்றாண்டைக் கடந்துவிட்டன. அவற்றை வைத்திருப்போர் தமக்குள் அடிக்கடி பரிமாறிக்கொள்ளும் ஆலோசனை ஒன்றுண்டு. எஞ்சினைத் தாங்கும் றப்பர் மவுண்டிங்கைக் கழற்றிவிட்டு அதனிலும் இறுக்கமான ஒன்றைப் பூட்டினால், வளைவுகளில் கார் சொன்னபடி கேட்கும் என்பதே அது. இதில் உண்மை உண்டு. ஆனால் விற்பவர்கள் சொல்லுமளவுக்கு இல்லை.

பொக்ஸ்டரின் எஞ்சின் ஆசனங்களுக்குப் பின்னால், பின்சக்கர அச்சுக்கு முன்னால் அமர்ந்திருக்கிறது. முன்புறத்தில் அதனை ஒரு தாங்கி பிடித்திருக்கிறது. பின்புறத்தில் கியர்ப்பெட்டியை இரு தாங்கிகள் பிடித்திருக்கின்றன. ஏறத்தாழ 1,250 கிலோ எடையுள்ள காரில் எஞ்சினும் கியர்ப்பெட்டியும் மட்டுமே 200 கிலோவைத் தாண்டும். சுக்கானை வெட்டித் திருப்பும்போது காரின் உடல் உடனே திரும்புகிறது. இந்தப் பாரமோ றப்பரை நசுக்கிக்கொண்டு ஒரு கணம் பிந்தியே வந்து சேர்கிறது. இடமும் வலமுமாக அடுத்தடுத்து வளைவுகள் வரும் வீதியில், பிந்தி வரும் அந்த அசைவு காரின் பின்பகுதி தயங்குவது போன்ற உணர்வைத் தரும். கியர்த் தண்டு கேபிள்கள் மூலமே கியர்ப்பெட்டியுடன் இணைந்திருப்பதால், எஞ்சின் ஆடினால் கியர் மாற்றுவதும் துல்லியம் இழக்கும். இறுக்கமான தாங்கி இவ்விரண்டையும் குறைக்கும். டயரின் பிடிமானத்தை அது ஓர் இம்மியும் கூட்டாது.

தயாரிப்பாளர்கள் ஏன் மென்மையான றப்பரை வைத்தார்கள்? 1931 இல் கிறைஸ்லர் நிறுவனம் தனது பிளிமத் காரின் நான்கு சிலிண்டர் எஞ்சினை மென்றப்பரில் மிதக்கவிட்டு அதன் உதறலை அடக்கியது. அந்த உரிமையை வாங்கிய சித்ரொன் நிறுவனம் தன் கார்களின் முகப்பில் அன்னப்பறவைச் சின்னத்தையே பொறித்துக்கொண்டது. பந்தயக்காரர்கள் இதற்கு நேர்மாறான திசையிற் சென்றார்கள். 1967 இல் சான்ட்வூர்ட்டில் ஜிம் கிளார்க் வென்ற லோட்டஸ் 49 காரில், எஞ்சினே காரின் பின் உடலாக நேரடியாக முடுக்கப்பட்டிருந்தது. இரண்டு மணி நேரப் பந்தயத்துக்கு அது பொருந்தும். அலுவலகம் போய்வரும் காருக்கு?

கூரை திறக்கும் காருக்கு வேறொரு சிக்கலும் உண்டு. நிலையான கூரை இல்லாத உடல், மேடுபள்ளங்களில் அதிகம் நடுங்கும். எஞ்சினின் பாரம் அந்த நடுக்கத்துக்கு எதிராக அசைந்து அதைத் தணிக்கும் விதத்திலும் தாங்கிகளின் மென்மையை அளந்து வடிவமைப்பதுண்டு. கெட்டியான பொலியூரிதேனால் அதை அடைத்துவிட்டால் பெறுவதோடு இழப்பதும் உண்டு.

என் சந்தேகம் இன்னொன்று. இந்த மாற்றத்தைப் புகழ்வோரிற் பலர், இருபது வருடம் உழைத்து வெடித்துப்போன றப்பரை அகற்றிவிட்டுப் புதிய தாங்கியைப் பூட்டியவர்கள். செத்துப்போன தாங்கியோடு ஒப்பிட்டால் எதுதான் நன்றாக இராது? நிறுவனத்தின் அசல் தாங்கியையே புதிதாகப் பூட்டியிருந்தாலும் அந்த மகிழ்ச்சியின் பெரும்பகுதி கிடைத்திருக்கும் என்பேன்.

போர்ஷேயே இதற்குச் சாட்சி. இறுக்கினாற் போதுமென்றால் அது மிக எளிதாக இறுக்கியிருக்கும். மாறாக, 2010 ஆம் ஆண்டு மாதிரி 911 ஜிடி3 இல், இரும்புத் துகள் கலந்த திரவத்தை மின்காந்தத்தாற் கெட்டியாக்கும் தாங்கிகளை விருப்பத் தேர்வாக வழங்கியது. நேரே ஓடும்போது மென்மை, வளைவில் இறுக்கம். 2012 இல் அத்தகைய தாங்கிகள் பொக்ஸ்டரின் கியர்ப்பெட்டிக்கும் ஒரு விருப்பத் தேர்வுத் தொகுப்பிற் கிடைத்தன. ஆயினும் சாதாரணத் தாங்கிகளில் இயற்கை றப்பர் இன்னும் நிலைத்திருக்கிறது. ஓயாத அசைவைத் தாங்கி உழைப்பதில் அதற்கு நிகரானவை குறைவு. 1876 இல் ஹெனரத்கொடப் பூங்காவில் றப்பர்க் கன்றுகளை நட்ட நாட்டவன் என்பதால் இதைச் சொல்வதில் எனக்கொரு சிறு பெருமையும் உண்டு.

ஆகவே முதலில் மூன்று தாங்கிகளையும் அசல் தரத்திற் புதுப்பியுங்கள், டயர்களையும் பாருங்கள். பிறகும் ஆசை தீராவிட்டால் முன் தாங்கியை மட்டும் சற்றே இறுக்கமான றப்பருக்கு மாற்றி ஒரு மாதம் ஓட்டுங்கள். சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது, பின்னால் நிற்கும் வாகனத்தின் இலக்கம் கண்ணாடியில் நடுங்காமல் தெரிகிறதா என்று கவனியுங்கள். கழற்றிய புதிய தாங்கியை அதுவரை எறிந்துவிட வேண்டாம்.